பட்டை பெருசா வாங்கு

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வாடை எழும்பி மண்டபத்தில் வடக்குக் கடல்ல ஒரு வள்ளமும் இறங்கல. நீ கேட்ட கருவாடு இந்தத் தடவை வராது. ஏன்னு உனக்கே தெரியும்.

பிரஷருக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் ரெண்டு மாசம் கழிச்சுத்தான்னு சொன்னியே, அதுவரைக்கும் சும்மா இருக்கப் போறியா? நர்ஸ் பிராக்டிஷனர்கிட்ட கேளு, சீக்கிரம் கிடைக்கும். அமெரிக்காவில அந்தப் படிப்பு 1965லயே கொலராடோ பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சாச்சு. நர்சிங் முடிச்சு, மேல முதுகலையோ டாக்டரேட்டோ படிச்சவங்க. சோதிப்பாங்க, ரத்தம் எடுக்கச் சொல்வாங்க, மருந்து எழுதுவாங்க. நீ இருக்கிற டெக்சாஸ்ல அதுக்கு ஒரு டாக்டரோட ஒப்பந்தம் இருக்கணும், அவ்வளவுதான். பிரஷர், சுகருக்கு அது போதும். இங்க அப்பாவுக்கே மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கு வருது.

போறதுக்கு முன்னாடி ஏழு நாள் வீட்டில பிரஷரை அளந்து பாரு. மேல்கையில கட்டுற மிஷின், பட்டை பெருசா வாங்கு. உன் கைக்குச் சின்னது கட்டினா அளவைக் கூட்டிக் காட்டும். காபி குடிச்சு அரைமணி நேரம் கழியட்டும். மூத்திரம் போயிட்டு வந்து, முதுகு சாஞ்சு, கால் தரையில பட, அஞ்சு நிமிஷம் உட்காரு. கை நெஞ்சு உயரத்துல இருக்கணும். பேசாதே, போனையும் தள்ளி வை. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை, காலையும் ராத்திரியும். முதல் நாள் அளவை விட்டுட்டு மத்ததுக்குச் சராசரி போடு.

தலைவலிக்குத் தினமும் இபுப்ரோஃபென் போடுறியாமே. மருமகளைத் திட்டாதே, நான்தான் தோண்டிக் கேட்டேன். அதுவே பிரஷரை ஏத்தும், மறைக்காம சொல்லு. பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரை கொடுத்தா கணுக்கால் வீங்கலாம், 'பிரில்'னு முடியிற மாத்திரைக்கு வறட்டு இருமல் வரலாம். நீயா நிறுத்தாதே, சொல்லி மாத்தி வாங்கு. நெஞ்சு அடைச்சாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை விழுந்தாலோ நர்சும் வேண்டாம் டாக்டரும் வேண்டாம், 911.

ஊரே நர்சம்மான்னு வாசலுக்கு வந்துச்சு. அந்த நானே, "நர்சுகிட்டயா காட்டப் போறே? நல்ல டாக்டராப் பாரு"ன்னு போன வருஷம் உன்னைத் தடுத்தேன். அன்னைக்குக் காட்டாம விட்டவன்தான் நீ. என் வேலையை நானே மதிக்கல தம்பி.

பட்டை பெருசா வாங்கு. முதல் அளவு எவ்வளவு இருந்தாலும் அப்படியே அனுப்பு.

அம்மா