கடலோர ரேஞ்சரும் குடிதண்ணீரும்

தொண்டி,
கார்த்திகை 12

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். நாலு நாளாக வாடை விடாமல் அடிக்கிறது, வள்ளம் ஒன்றும் இறங்கவில்லை. அதனால் சாவகாசமாகவே எழுதுகிறேன்.

நீ நடத்தும் ஆட்டத்தில் ரேஞ்சர் (இயற்கையைக் காக்கும் வீரன் பாத்திரம்) எடுத்த பெண், "நான் எதுக்கு இந்த ஆட்டத்துல இருக்கேன்?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதையும் பகடையுமாக ஆடும் ஆட்டத்தின் 2014 விதிப் புத்தகத்தை வைத்து ரேஞ்சர் ஆடுகிறவர்கள் மூன்றாவது லெவலுக்குள் இதைக் கேட்டுவிடுவார்கள். அவளை வேறு கிளாஸுக்கு, அதாவது வேறு பாத்திர வகைக்கு, மாறச் சொல்லிவிடாதே. விதியைத் திருத்தவும் அவசரப்படாதே. அவள் பாத்திரத்தின் விவரம் எழுதிய ஷீட்டிலும் கோளாறு இருக்கிறது, உன் வரைபடத்திலும் இருக்கிறது.

முதலில் ஷீட். ஃபேவர்ட் டெரெய்ன் (ரேஞ்சருக்குப் பிடித்த நிலம்) என்ற இடத்தில் 'காடு' என்று எழுதியிருக்கிறாள். நீ ஆட்டத்தை வைத்திருப்பதோ மண்டபத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கரை மாதிரி ஓர் இடத்தில். உடைமரத்தையும் பனையையும் விட்டால் அங்கே ஏதடா காடு? புத்தகம் தரும் எட்டு நிலங்களில் கடற்கரையும் ஒன்று. அடுத்த நிலம் 6-ஆம் லெவலில்தான் கிடைக்கும், அதற்கடுத்தது 10-இல். அதுவரை அவள் காத்திருக்க முடியாது. இன்றைக்கே அடித்துவிட்டுக் கடற்கரை என்று எழுதச் சொல்.

அடுத்தது மந்திரங்கள். மூன்றாவது லெவலில் அவளுக்குத் தெரிந்த மந்திரம் மூன்று, ஸ்லாட்டும் (நீண்ட ஓய்வு எடுக்கும்வரை எத்தனை தடவை மந்திரம் போடலாம் என்ற கணக்கு) மூன்று. அவள் எடுத்திருப்பது ஹன்டர்ஸ் மார்க், என்ஸ்னேரிங் ஸ்ட்ரைக், ஃபாக் க்ளவுட். மூன்றுமே கான்சன்ட்ரேஷன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும், அடுத்ததைப் போட்டதும் முந்தையது போய்விடும். மூன்று மந்திரம் இருந்தும் கையில் ஒன்றுதான் என்று ஆகிறது. ரேஞ்சர் பட்டியலில் இந்த வலை எங்கே பார்த்தாலும் விரித்திருக்கும்: ஹெயில் ஆஃப் தார்ன்ஸ், பார்க்ஸ்கின், ஸ்பைக் க்ரோத், பாஸ் வித்தவுட் ட்ரேஸ் எல்லாமே இந்த வகை.

ஹன்டர்ஸ் மார்க் இருக்கட்டும். டெக்ஸ் (சுறுசுறுப்பு) 16 உள்ளவள் நெடுவில்லால் அடித்தால் சராசரி சேதம் 7.5. மார்க் போட்டால் ஒவ்வோர் அடிக்கும் 1டி6 (ஓர் ஆறுமுகப் பகடை) கூடும், அதாவது 11. 5-ஆம் லெவலில் இரண்டு அடி வந்ததும் ஒரு சுற்றுக்கு 7 கூடுதல். ஆனால் அதைப் போடவும், செத்தவனிடமிருந்து அடுத்தவனுக்கு மாற்றவும், சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும். இரண்டு கையிலும் கத்தி பிடிக்கிற ரேஞ்சருக்கு இடது கை அடியும் அதே போனஸ் ஆக்‌ஷனில்தான் வருகிறது, அதனால் முதல் சுற்றிலேயே முட்டிக்கொள்ளும். அடி பட்டால் மந்திரம் கலையாமலிருக்க கான் சேவ் (உடல் வலுவைச் சோதிக்கும் பகடை) வேறு, எட்ட வேண்டிய எண் 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. ரேஞ்சருக்குப் பயிற்சி உள்ள சேவ் ஸ்ட்ரெங்த்தும் டெக்ஸும் மட்டுமே. கான் 14 என்றால் வெறும் +2, ஒவ்வோர் அடிக்கும் 65 சதவீதம்தான் தாங்கும். அதனால் அவள் வில்லோடு பின்னால் நிற்கட்டும். ஆர்ச்சரி ஸ்டைல் எடுத்திருந்தால் குறிக்கு +2.

மற்ற இரண்டையும் மாற்று. குட்பெரி கட்டாயம். ஒரு ஸ்லாட்டுக்குப் பத்துக் கனி, கனிக்கு ஒரு ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி), 24 மணி நேரம் கெடாது. ராத்திரி படுக்குமுன் மிச்சமிருக்கும் ஸ்லாட்டை எல்லாம் கனியாக்கிவிட்டால் காலையில் ஸ்லாட் திரும்பிவரும், கனியும் மடியில் இருக்கும். இதற்குப் புல்லுருவிக் கொப்பு ஒன்று வேண்டும். 2014 ரேஞ்சருக்கு மந்திரக்கோல் மாதிரி ஃபோகஸ் எதுவும் கிடையாது. மந்திரத்துக்கான பொருள்களை வைக்கும் காம்பொனென்ட் பை இல்லாமல் கிளம்பியிருந்தால் இப்போதே வாங்கச் சொல். மூன்றாவதற்கு, 2017 ஸனாதர் துணைப் புத்தகம் உன்னிடம் இருந்தால் அப்சார்ப் எலிமென்ட்ஸ். கடலில் இடி விழும்போது உதவும்.

ப்ரைமீவல் அவேர்னஸ் என்ற அவள் திறனையும் மாற்றிவிடு. ஒரு ஸ்லாட்டைத் தின்றுவிட்டு, 'ஒரு மைலுக்குள் ஏதோ இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். எங்கே, எத்தனை என்று சொல்லாது. பிடித்த நிலத்தில் அது ஆறு மைல் ஆகிறது, கேட்கும்போதெல்லாம் 'ஆமாம்' என்ற பதில்தான் வரும். 2020-இல் வந்த டாஷா துணைப் புத்தகத்தில் இதற்குப் பதில் ப்ரைமல் அவேர்னஸ் இருக்கிறது. 3-ஆம் லெவலில் ஸ்பீக் வித் அனிமல்ஸ் சும்மாவே கிடைக்கும், ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை ஸ்லாட் இல்லாமல் போடலாம். ஆவுளியாவிடமோ (கடல்பசு) பூநாரையிடமோ பத்து நிமிஷம் பேசலாம். நேற்றிலிருந்து இன்றுவரை அது பார்த்ததைக் கேட்டால் போதும். போன மாதத்துக் கதையை நீ ஆவுளியா வாயில் திணிக்காதே.

இனி உன் வரைபடம். நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் விதிப்படி, பிடித்த நிலத்தில் ரேஞ்சர் கூட இருந்தால் கூட்டம் வழி தப்பாது, கரடுமுரடான தரை வேகத்தைக் குறைக்காது. நீயும் 'சரி, போய்ச் சேர்ந்தாச்சு' என்று சொல்லிவிடுகிறாய். அவள் கெட்டிக்காரத்தனமே அவளை ஆட்டத்திலிருந்து மறைத்துவிடுகிறது. போய்ச் சேருவார்களா என்று பகடை போடாதே, எந்த வழி என்று அவளைக் கேள். நம்ம கரையில் அதற்குப் பஞ்சமா? ஒரு பக்கம் ஆண் கடலான மன்னார் வளைகுடா, மறு பக்கம் பெண் கடலான பாக் நீரிணை. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மன்னார் வளைகுடா பொங்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் தலைகீழ். எந்த மாதத்தில் எந்தக் கரையை ஒட்டிப் போவது, எந்தப் பக்கம் நாட்டுப்படகு கிடைக்கும் என்பதை முடிவெடுக்க வேண்டியவள் அவள்.

அதைவிட முக்கியம் தண்ணீர். இரை தேடும் விதியைச் சரியாகப் படித்துப் பார். தேடல் பலித்தால் 1டி6 + விஸ்டம் (விவேகம்) பவுண்டு உணவு, இன்னொரு 1டி6 + விஸ்டம் காலன் தண்ணீர். ரேஞ்சருக்கு இரட்டிப்பாவது உணவு மட்டும்தான், தண்ணீர் இல்லை. விஸ்டம் +2 என்றால் சராசரியாக 11 பவுண்டு உணவும் 5.5 காலன் தண்ணீரும். உன் கூட்டத்தில் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு பவுண்டு உணவு போதும், தண்ணீர் ஒரு காலன். நம்ம வெயில் மாதிரி வெயிலில் இரண்டு. ஆக வேண்டியது பத்து காலன், ஏறக்குறைய 38 லிட்டர். கிடைப்பது பாதிக்குச் சற்று மேல். பாதி குடித்தவன் அன்று முடிவில் 15-க்கு கான் சேவ் போட வேண்டும், தவறினால் ஒரு படி எக்ஸாஷன் (களைப்பு). பாதிக்கும் குறைந்தால் சேவே கிடையாது, நேரே களைப்புதான். மீன் மலிந்தும் தண்ணீர் இல்லாத கரை என்பது நமக்குப் புதுசா என்ன? விதியே அதைச் சொல்கிறது, நீதான் தாண்டிப் போய்விட்டாய்.

இங்கே ஊற்றைக் கொண்டுவா. மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். ஆழம் குறைவாகத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மெல்ல மொண்டால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு ஆழப்படுத்தினால் உப்பு ஏறிவிடும். ஆட்டத்தில் இப்படி வை: சர்வைவல் (வெட்டவெளியில் பிழைக்கும் திறன்) பகடைக்கு 15, தேறினால் ஊற்று மணிக்கு ஒரு காலன். அவசரப்பட்டால் மணிக்கு மூன்று, ஆனால் இரண்டாம் மணியோடு அது உப்பு. காத்திருக்கும் நேரத்தில் துரத்துகிறவன் நெருங்குவான். இது என் சொந்த விதி, வேண்டுமானால் மாற்றிக்கொள். ஒன்றை மட்டும் கவனி. உன் க்ளெரிக் (பூசாரிப் பாத்திரம்) க்ரியேட் வாட்டர் மந்திரத்தைப் போட்டால் ஒரே ஸ்லாட்டில் பத்து காலன், கணக்கு அங்கேயே முடிந்தது. தடுக்காதே. அந்த ஸ்லாட் தினமும் போகிறது என்பதே போதுமான விலை. குட்பெரி பசியைத் தீர்க்கும், தாகத்தைத் தீர்க்காது என்று முதல் நாளே சொல்லிவிடு, பிறகு சண்டை வரும்.

எதிரி யார் என்றும் கேட்டிருந்தாய். பூதம் வேண்டாம். இயற்கையைக் காக்கும் வீரனுக்கு அதை அழிக்கிறவன்தானே எதிரி. 2001-இலிருந்து தடைசெய்யப்பட்ட கடல் அட்டையைக் கடத்துகிறவர்கள் மாதிரி ஒரு கும்பலை வை. தீவுக்குத் தீவு தாவட்டும், மன்னார் வளைகுடாப் பூங்காவில் 21 தீவு இருக்கிறது, உனக்கு ஏழெட்டுப் போதும். ஃபேவர்ட் எனிமியில் (ரேஞ்சர் தேர்ந்தெடுக்கும் எதிரி வகை) மனித உருவ இனங்கள் இரண்டை எடுத்தால் தடம் பார்க்க அவளுக்கு அட்வான்டேஜ், இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுக்கலாம். தடம் காண எட்ட வேண்டிய எண் ஈர மணலில் 10, மண்தரை புல்தரையில் 15, பாறையில் 20, கடந்துபோன ஒவ்வொரு நாளுக்கும் +5. அலை நனைக்கும் கோட்டுக்குக் கீழே தடமே கிடையாது என்று வை. அந்தக் கும்பலுக்கும் அது தெரியும். பிடித்த நிலத்தில் தடம் கண்டால் எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் அவளுக்குச் சொல்லியாக வேண்டும், மறைக்காதே.

விலங்கைத் துணைக்கு வைக்கும் பீஸ்ட் மாஸ்டர் வகையை எடுக்க ஆசைப்படுகிறாள் என்றால் 2014 வடிவம் வேண்டாம். அதில் விலங்கு அடிக்க அவள் தன் ஆக்‌ஷனையே கொடுக்க வேண்டும். டாஷாவில் போனஸ் ஆக்‌ஷன் போதும். கடல் விலங்கு 60 அடி நீந்தும், தரையில் 5 அடிதான் நகரும், அடித்தால் பிடித்துக்கொள்ளும். தீவுகளுக்கு நடுவே அது நல்ல துணை, ஊருக்குள் சுமை. ஹன்டர்ஸ் மார்க்கும் அதே போனஸ் ஆக்‌ஷனைக் கேட்கும் என்பதையும் அவளிடம் சொல்.

2024 புத்தகத்தில் ஹன்டர்ஸ் மார்க் எப்போதும் தயாராக இருக்கும், முதல் லெவலிலேயே இரண்டு தடவை ஸ்லாட் இல்லாமல் போடலாம். ஆனால் கான்சன்ட்ரேஷன் அப்படியே இருக்கிறது. நடு ஆட்டத்தில் புத்தகம் மாற்றாதே. 1978 விதியில் மூன்று ரேஞ்சருக்கு மேல் ஒன்றாகச் சேரக்கூடாது என்று இருந்தது. உனக்கு ஒருத்தியையே சமாளிக்க முடியவில்லை!

வரைபடத்தைத் திருத்தி அனுப்பு. ஊற்றுகளைக் குறிக்கும்போது இரண்டை உப்பாக்கிவிடு, எவை என்று எனக்கும் சொல்லாதே. தை பிறந்ததும் வருகிறேன், அப்போது ஒரு இடம் காலி வைத்திரு.

அன்புடன்,
காசி