ஆப்டெட் செத்துப்போன கிழமை, மகளுக்கு

ஈஸ்ட் ஹாம்,
2021 ஜனவரி

அன்புள்ள மகளுக்கு,

வேலையை விடுவதா என்று கேட்டு அன்று இரவு நீ போனில் அழுதபோது அப்பாவுக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். அடுத்த நாள்தான் திரைப்பட இயக்குநர் மைக்கல் ஆப்டெட் இறந்த செய்தி வந்தது. ஏழாம் திகதி, லாஸ் ஏஞ்சலிஸில், 79 வயது. உனக்கு என்ன சொல்லவேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது உனக்கு மறந்திருக்காது. தட்டுப்படுகிற இடத்தில் எழுத்துக் கூட்டி வாசி.

அவர் படம்பிடித்த அந்தப் பதினான்கு பேரும் என் வயதுக்காரர். 1964இல் அவர்களைப் பற்றி 'செவன் அப்' என்ற தொலைக்காட்சி ஆவணப்படம் வந்தபோது அவர்களுக்கு ஏழு வயது. நானும் அப்போது யாழ்ப்பாணத்தில் ஏழு வயதுப் பையன்.

உன் வேலையோடு ஒட்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அந்த முதல் படத்தை இயக்கியது ஆப்டெட் இல்லை, பால் ஆல்மண்ட் என்ற கனடாக்காரர். ஆப்டெட் கேம்பிரிட்ஜில் சட்டமும் சரித்திரமும் படித்துவிட்டு 1963இல் மான்செஸ்டர் கிரனாடா தொலைக்காட்சியில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கி அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது அவருடைய வேலை. சேரும்போது அவருக்கு 22 வயது. உன் வயது, உன் ஊர், நீ இப்போது செய்கிற அதே வேலை.

இங்கிலாந்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஏழு வயதிலேயே பாதை பிரிந்துவிடுகிறது என்று காட்டத்தான் அதை எடுத்தார்கள். ஒரே ஒரு நிகழ்ச்சி, அத்தோடு சரி என்றுதான் நினைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பதினான்கு வயதானபோது, 1970இல், ஆப்டெட் அந்தப் பிள்ளைகளிடம் திரும்பப் போனார். அப்புறம் 2019 வரைக்கும் போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் அப்போதைய அவர்கள் வயது இருக்கும்.

நான் முதலில் பார்த்தது '28 அப்'. ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்து, பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்துகொண்டு, ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்த காலம். 1984 நவம்பர். வீட்டுக்காரர் தன் ரிவியைப் பார்க்க எங்களையும் கூப்பிட்டார். லிவர்பூல் பையன் ஒருவன், ஏழு வயதில் நடைபாதையில் துள்ளித் துள்ளிப் போகிறான். விண்வெளிக்குப் போகவேண்டும், அது சரிவராவிட்டால் சுற்றுலா பஸ் ஓட்டவேண்டும் என்கிறான். அதே ஆளை 28 வயதில் காட்டினார்கள். ஸ்கொட்லாந்தில் ஓர் ஏரிக்கரை. இருக்க வீடில்லை. பேசும்போது உடம்பு லேசாக ஆடுகிறது. எனக்கும் அப்போது 28. இந்த மண்ணிலேயே பிறந்தவனுக்கு இந்த நிலை என்றால் எனக்கு என்ன என்று நினைத்து அன்று முழுக்க நித்திரை இல்லை.

'42 அப்' 1998இல் வந்தது. உனக்கு மூன்று மாதம், என் மடியில் கிடந்தாய். அந்த லிவர்பூல் பையன் ஹக்னியில் கவுன்சிலராக இருந்தார்! லண்டனுக்கு வந்தபோது அவரைத் தன் வீட்டில் தங்கவைத்தவரும் அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்தான். ஆப்டெட் 28இல் விட்டிருந்தால் அந்த மனிதர் எங்கள் எல்லோருக்கும் ஏரிக்கரையிலேயே நின்றிருப்பார்.

இத்தனைக்கும் ஆப்டெட் சும்மா இருந்த ஆள் இல்லை. ஹொலிவுட்டுக்குப் போய்விட்டார். 'கோல் மைனர்ஸ் டோட்டர்' சிஸ்ஸி ஸ்பேசெக்குக்கு ஒஸ்கார் வாங்கிக் கொடுத்தது. 1999இல் ஜேம்ஸ் பொண்ட் படமே எடுத்தார். அப்படிப்பட்டவர் ஏழு வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து, ஒரு டாக்ஸி ஓட்டுநரின் வீட்டில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்.

அந்த டாக்ஸி ஓட்டுநர் விஷயத்தில்தான் அவர் பெரிய பிழை விட்டார். ஈஸ்ட் எண்ட் பையன், பெயர் டோனி. குதிரைப் பந்தயத்தில் ஜொக்கி ஆகவேண்டும் என்று நினைத்தவன். 21 வயதில் இவன் எப்படியும் சிறைக்குத்தான் போவான் என்று ஆப்டெட் மனதுக்குள் முடிவுகட்டி, குற்றங்கள் நடக்கிற இடங்களாகப் பார்த்து அவனைக் காரோட்டச் சொல்லிப் படம்பிடித்து வைத்துக்கொண்டார். டோனி சிறைக்குப் போகவில்லை. கல்யாணம், பிள்ளைகள், லண்டன் டாக்ஸி என்று வாழ்ந்தார். தான் செய்தது தப்பு என்று ஆப்டெட் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். பதினான்கு பேரில் நாலே நாலு பெண்கள்தான் என்பதும் அவருக்குக் கடைசிவரை குறையாகவே இருந்தது. அந்த நால்வரில் ஒருவர் '49 அப்'இல் அவரை முகத்துக்கு நேரே பிடித்தார். என்னைப் பற்றி நீயே ஒரு முடிவு வைத்திருக்கிறாய், உனக்கு வேண்டியபடிதான் வெட்டி ஒட்டுவாய் என்ற மாதிரி. அதை அவர் வெட்டவில்லை. முழுக்கப் போட்டார்.

உங்கள் நிகழ்ச்சியில் வந்த அந்த சால்ஃபோர்ட் பெண்மணிக்கு நடந்ததும் இதுதானே? நீ தேடிக் கண்டுபிடித்து, அவர் வீட்டில் தேநீர் குடித்து, பயப்படாதீர்கள் என்று வாக்குக் கொடுத்தாய். எடிட்டில் அவர் மகனைப் பார்த்துக் கத்துகிற அரை நிமிடத்தை மட்டும் வைத்தார்கள். வேலையை விடுவதா என்று நீ கேட்டாய். அதை நீதான் முடிவு செய்யவேண்டும். ஆனால் முதலில் அந்தப் பெண்மணியிடம் பேசு. கிளேர் லூயிஸ் என்பவர் '28 அப்'இல் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்து பின்னால் தயாரிப்பாளர் ஆனவர். அந்தப் பதினான்கு பேரில் பெரும்பாலானவர்கள் இத்தனை வருடம் கதவைத் திறந்ததற்கு அவரைப் போன்றவர்கள் விடாமல் தொடர்பு வைத்திருந்ததும் காரணம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். '63 அப்'ஐ நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் பார்த்தோம். உனக்கு 21. படம் முடிந்து, சட்ட வேலைக்குப் போகவில்லை, மான்செஸ்டர் போகிறேன் என்று நீ சொன்னபோது, எத்தனை நாளைக்கு, யார் சம்பளம் தருவான், பிறகு திரும்பி வந்து என்ன செய்வாய் என்று கேட்டேன். அதெல்லாம் கேள்விகளே இல்லை. பதிலை நான் முன்னமே வைத்திருந்தேன். உன்னையும் நான் 21 வயதில் முடிவுகட்டினேன், பிள்ளை. என்னை மன்னித்துக்கொள்.

லொக்டவுனில் நேரில் போக முடியாது. அந்த சால்ஃபோர்ட் பெண்மணிக்குப் போன் எடு. கொம்பனியைச் சாட்டாதே. உங்களைத் தேடி வந்தது நான்தான் என்று சொல்லு. அவர் ஏசினால் கேட்டுக்கொண்டிரு. அடுத்த மாதமும் எடு.

அம்மா மிளகாய்த்தூளும் எள்ளுருண்டையும் பார்சலில் போட்டிருக்கிறா. எள்ளுருண்டை இரண்டு டப்பா. ஒன்று சால்ஃபோர்டுக்கு.

அன்புடன்,
அப்பா