பைப்பை வெட்டுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு டியூட்டி நேரம் வந்துவிடும், அதனால்தான் கடிதம்.

போன வாரம் பேசும்போது, ஒரு கட்டடத்தில் நாற்பது பழைய ஸ்பிளிட் ஏசியைக் கழற்றியதாகச் சொன்னாய். அதற்குள் இருக்கும் குளிரூட்டும் கேஸை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஃபோர்மேன் அவசரப்படுத்தினாருப்பா, பைப்பை வெட்டி விட்டுட்டோம்" என்றாய். நான் ஒன்றும் பேசவில்லை. அந்த வேலையை உனக்குப் பழக்கியவனே நான்தானே.

1996 என்று நினைக்கிறேன், உனக்கு ஏழு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் கடை. ரிப்பேருக்கு வந்த ஒரு ஃபிரிட்ஜின் பைப்பை வெட்டினேன். ஸ்ஸ்ஸ் என்று கேஸ் பீறிட்டது. நீ ஓடி வந்து உள்ளங்கையைக் காட்டினாய். எண்ணெய்ப் பிசுக்கோடு வெள்ளையாக, பவுடர் பூசினாற்போல் பனி படிந்தது. "அப்பா, ஐஸு!" என்று குதித்தாய். கை வெந்துபோகும் என்று அதட்டி இழுத்தேன். காற்றில் போன கேஸைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. அது ஆர்-12, அந்தக் காலத்து ஃபிரிட்ஜ் கேஸ். அப்போது குழாய் கழுவக்கூட கேஸைத்தான் அடிப்போம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை ராபர்ட் ஸ்வான் என்ற ஆங்கிலேயரின் பேச்சைப் போட்டு, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவரும் இன்னும் இரண்டு பேரும் 1985 நவம்பரில் அண்டார்டிகாவின் கரையிலிருந்து சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். கையில் ரேடியோ கிடையாது. எழுபது நாள், 1,400 கிலோமீட்டர். 1986 ஜனவரி 11 அன்று தென்துருவம் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த சேதி, அவர்களுடைய கப்பலைப் பனிக்கட்டி நெருக்கி மூழ்கடித்துவிட்டது என்பது.

அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது அவர் முகத்தைப் பற்றிச் சொன்னதுதான். நடந்து வந்த வழியில் தோல் வெந்து கொப்புளித்ததாம். கண்மணியின் நிறமே வெளுத்துப்போய்விட்டதாம். வெயிலின் கெட்ட கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தில் தலைக்கு மேலே ஓட்டை இருந்ததுதான் காரணம் என்று பிறகுதான் தெரிய வந்தது என்கிறார். அதே 1985-இல்தான் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர் அந்த ஓட்டையைப் பற்றி உலகத்துக்குச் சொன்னார்கள்.

அந்த ஓட்டையைப் போட்டது நம் கேஸ், தம்பி. ஆர்-12 மழையில் கரையாது, கீழே இருக்கும்போது சிதையாது. நூறு வருஷம் தாங்கும். மெல்ல மெல்ல மேலே போய், அங்கே கடும் வெயிலில் உடைந்து குளோரினைக் கக்குகிறது. தென்துருவத்தின் மேலே குளிர்காலத்தில் உருவாகும் பனி மேகங்களில் அந்தக் குளோரின் வீரியம் பெற்று, வசந்தத்தில் வெயில் பட்டதும் ஓசோனைத் தின்கிறது. எங்கே திறந்து விட்டாலும் உலகம் முழுக்கப் பரவி அங்கேயும் போய்ச் சேரும். உன் உள்ளங்கையைத் தொட்டுப் போன கேஸில் பெரும்பங்கு இன்றும் காற்றில்தான் இருக்கும்.

ஆர்-12-ஐ நிறுத்தியாகிவிட்டது. 1987-இல் மாண்ட்ரியலில் பல நாடுகள் கூடிப் பேசி வழி செய்தார்கள், ஓட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆறி வருகிறது. நீ இப்போது ஏசியில் கையாளும் ஆர்-410ஏ கேஸ் ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 2,000 மடங்கு. ஒரு ஏசியில் ஒரு கிலோ கேஸ் என்று வை. ஒரே வெட்டில் இரண்டு டன் கரியமில வாயுவை விட்ட மாதிரி. நாற்பது ஏசிக்கு நீயே கணக்குப் போட்டுப் பார்.

ஸ்வான் 1989-இல் வடதுருவத்துக்கும் நடந்தார். அங்கே காலடியில் இருந்த பனியே பருவத்துக்கு முன்னால் உருகிக்கொண்டிருந்ததாம். திரும்பி வந்தவர் சாதனையைச் சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. அண்டார்டிகாவில் ரஷ்யர்களின் பெல்லிங்ஸ்ஹவுசன் நிலையத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், வருஷக்கணக்கில் கிடந்த ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட பழைய இரும்பையும் குப்பையையும் அகற்ற வைத்தார். இரண்டு துருவத்துக்கும் நடந்த மனிதர் துருப்பிடித்த இரும்பைத் தேடிப் போயிருக்கிறார். எனக்கு அந்த நடையைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. நம்மால் அங்கே போக முடியாது. நம் கையில் இருப்பது ஸ்பேனரும், கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜும்.

அதனால் கேட்கிறேன். கம்ப்ரசர் ஓடுகிற யூனிட் என்றால் பம்ப் டவுன் செய்துவிட்டு, அதாவது கேஸை வெளிப் பெட்டிக்குள் இழுத்து அடைத்துவிட்டு, கழற்று. கேஜை மாட்டி, லிக்விட் வால்வை அடைத்து ஓட விடு. முள் கீழே இறங்கியதும், கேஸ் திரும்பி வரும் சக்ஷன் வால்வை அடைத்து உடனே நிறுத்து. கேஸ் அநேகமாக முழுக்க அவுட்டோர் பெட்டியிலேயே தங்கிவிடும். பத்து நிமிஷம்கூட ஆகாது, ஃபோர்மேனிடம் பக்குவமாகச் சொல்லிப் பார். அந்த அவுட்டோரைப் பழைய இரும்புக்காரன் உடைப்பதற்கு முன்னால் கேஸைச் சிலிண்டரில் இறக்கிவிட வேண்டும், அதை மறந்துவிடாதே.

கம்ப்ரசர் செத்த யூனிட்டுக்கு, கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் ஏற்றும் ரெகவரி மெஷின் இல்லாமல் முடியாது. கம்பெனி வாங்கித் தராது என்பாய், எனக்கும் தெரியும். அங்கே பழைய மெஷின் என்ன விலைக்குக் கிடைக்கிறது, சிலிண்டரோடு சேர்த்து எவ்வளவு என்று விசாரித்து எழுது. இந்த மாதம் எனக்கு நீ அனுப்ப வேண்டாம், அதில் போட்டுக்கொள். மீதியில் பாதி அப்பா தருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா