ஆச்சியின் ஆடும் அப்பாவின் எதுகையும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ வாட்ஸப்பில் அனுப்பிய ஆட்டுக்கதைப் பாட்டை நாலு தடவை படித்தேன். பதிலை அதிலேயே அடித்திருக்கலாம். கட்டைவிரலால் இலக்கணம் பேச எனக்கு வராது தாயி, அதனால் தாளை எடுத்துவிட்டேன். மெல்போர்ன் வந்து சேர எத்தனை நாளானாலும் பரவாயில்லை.

1992 வெள்ளத்தில் ஆச்சி ஆட்டை மீட்ட கதையைப் பாப்பாவுக்குப் பாட்டாகச் சொல்லத் தோன்றியதே, அதற்கே உனக்கு நூறு மார்க். ஆனால், "நான் எழுதினா மட்டும் ஏம்ப்பா நர்சரி ரைம் மாதிரி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. உன் வரிகளைத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன்:

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது
ஆறு கரையைத் தாண்டி ஓடியது
ஆடு ஒன்று தனியே கத்தியது
ஆச்சி காதில் அது கேட்டது

கொட்டியது, ஓடியது, கத்தியது, கேட்டது. பாப்பாவின் பள்ளிக்கூடப் புத்தகங்களில் வரி முடிவில் ஓசை சேர்வதைப் பார்த்து நீயும் அப்படியே சேர்த்திருக்கிறாய். தப்பில்லை. ஆனால் நம் மொழியில் வினை கடைசியில் வரும். அதன் வாலில் விகுதி வரும். வந்தான், போனான், தின்றான், செத்தான் எல்லாம் ஒரே ஓசை. இந்தச் சேர்க்கை உன் சம்பாத்தியம் இல்லை, விகுதி போட்ட பிச்சை. ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் பெயரும் நிற்கும், வினையும் நிற்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஓசையில் முடியும். அங்கே இரண்டு சொல் பொருந்திவிட்டால் காது நிமிர்கிறது. இங்கே நிமிராது. கேட்டுக் கேட்டுப் பழகிய ஓசை.

(அவர்களிலும் எல்லாருக்கும் அது பிடித்துவிடவில்லை. ஆங்கிலக் கவி மில்டன் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியம் முழுவதையும் ஓசைச் சேர்க்கை இல்லாமல்தான் எழுதினார். 1667-ல் புத்தகம் வந்தது. ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு குறிப்பு எழுதி அடுத்த வருஷமே முன்னால் ஒட்டினார்கள். காட்டுமிராண்டிக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று திட்டியிருப்பார். கதை சொல்ல வந்த ஆள், இடையில் மணியடித்தால் எரிச்சல் வரத்தானே செய்யும்?)

நம் ஆட்களுக்கும் வரிமுடிவுச் சேர்க்கை தெரியாததில்லை. "இறுவாய் ஒன்றல் இயைபின் யாப்பே" என்று தொல்காப்பியமே பெயர் வைத்திருக்கிறது. இருந்தும் காவியம் பாடியவர்கள் அதை நம்பிப் பிழைக்கவில்லை. வரியின் தலைக்குப் போனார்கள். சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது; வேரும் வேரும் ஒலியால் ஒன்றினால்தான் அது புலவன் தேடிச் சேர்த்தது. முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாமெழுத்து ஒன்றினால் எதுகை. பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்குப் படித்தாயே, அதேதான்.

கதைக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கொக்கி தலையில் இருப்பதால் வால் சும்மா கிடக்கிறது. வரி முடிந்த இடத்தில் வாக்கியம் முடிய வேண்டியதில்லை. அடுத்த வரிக்குள் வழிந்து போகலாம். உன் பாட்டில் ஒவ்வொரு வரியும் முடிந்து முடிந்து நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும் டவுன் பஸ் மாதிரி.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை எடுத்துப் பார். அது ஆசிரியப்பா என்ற பாவகை. அதில் எதுகை அடிதோறும் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. இளங்கோ வேண்டும்போது போடுவார், வேண்டாதபோது விட்டுவிடுவார். பாண்டியன் நீ யார் என்று கேட்கிறான், கண்ணகி ஊரைச் சொல்லிவிட்டுக் குடும்பத்துக்கு வருகிறாள்:

ஏசாச் சிறப்பின் இசைவிளங்கு பெருங்குடி
மாசாத்து வாணிகன் மகனை ஆகி
வாழ்தல் வேண்டி ஊழ்வினை துரப்பச்
சூழ்கழல் மன்னா நின்நகர்ப் புகுந்தீங்கு
என்காற் சிலம்பு பகர்தல் வேண்டி நின்பால்
கொலைக்களப் பட்ட கோவலன் மனைவி
கண்ணகி என்பதென் பெயரே

வாய்விட்டுப் படி. ஏசா, மாசா. வாழ், சூழ். இரண்டிரண்டு வரியாகக் கைகோத்து வருகிறது. குடிப்பெருமை சொல்லும்வரை, பிழைக்க வந்த கதை சொல்லும்வரை கோத்த கை விடவில்லை. "என்காற் சிலம்பு" என்றதும் ஜோடி போய்விடுகிறது. கொலைக்களம் வருகிறது, அதற்கு எதுகை இல்லை. கண்ணகி என்ற பெயர் வருகிறது, அதற்கும் இல்லை. ஜோடியை இழந்தவள் பேச்சில் வரியும் ஜோடி இல்லாமல் நிற்கிறது. இத்தனைக்கும் ஏழு வரியும் ஒரே வாக்கியம். பெயரைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கிறாள். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "சார், அவருக்கு எதுகை கிடைச்சிருக்காது" என்றான். கண் என்பதற்கா கிடைக்காது! மண், பெண், விண் என்று கொட்டிக் கிடக்கிறதே.

கம்பன் வேறு மாதிரி. அவன் பாடிய விருத்தம் என்ற பாவகையில் நாலடிக்கும் ஒரே எதுகை, தப்பிக்க வழியில்லை. வால்மீகியின் சுலோகத்துக்கு அந்தக் கட்டு கிடையாது. அதே கதையை இந்தக் கட்டுக்குள் பத்தாயிரம் பாட்டுக்கு மேல் சொல்லியிருக்கிறான் மனிதன். அனுமன் திரும்பி வந்து சொல்வதைப் பட்டிமன்றத்தில் ஆயிரம் தடவை கேட்டிருப்பாய்:

கண்டனென் கற்பினுக்கு அணியைக் கண்களால்
தெண்டிரை அலைகடல் இலங்கைத் தென்னகர்
அண்டர் நாயக! இனித் துறத்தி ஐயமும்
பண்டுள துயரும் என்று அனுமன் பன்னுவான்

"சீதையை" என்று தொடங்கியிருந்தால் வினை வரும்வரை ராமன் தவித்துப் போயிருப்பான், அதனால் 'கண்டனென்' முதலில் வந்தது என்பார்கள். சரிதான். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று. முதல் சொல் எதுவோ அதுதான் பாட்டு முழுவதற்கும் எதுகையைத் தீர்மானிக்கும். தெண்டிரை, அண்டர், பண்டு என்று கடலும் கடவுளும் பழைய துயரமும் அந்த ஒரு 'கண்ட'வின் ஓசைக்குள் வந்து அடங்குகின்றன. ராமன் காதில் அந்தச் சேதி நாலு தடவை விழுகிறது. மூன்றாம் வரி 'ஐயமும்' என்று அந்தரத்தில் நின்று 'பண்டுள துயரும்' என்று நாலாவதுக்குள் இறங்குவதையும் பார். வால் சும்மா கிடக்கிறது என்றேனே, அது இதுதான்.

சூர்ப்பணகை வருகிற பாட்டில் எதுகையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பஞ்சி, செஞ்செவிய, அஞ்சொல் என்று பஞ்சும் தாமரையும் இன்சொல்லுமாக மூன்று வரி மெத்துமெத்தென்று நடந்து வருகிறாள். நாலாவது வரி: "வஞ்சி என நஞ்சம் என வஞ்ச மகள் வந்தாள்." அதே 'ஞ்ச'தான். பஞ்சில் தொடங்கிய ஓசை நஞ்சில் போய் முடிகிறது.

பாரதியையும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடித்தவர். 1912-ல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் வந்தபோது எளிய பதம், எளிய நடை, பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு என்று முன்னுரையில் எழுதினார். மெட்டு மாறினாலும் எதுகையை அவர் கைவிடவில்லை. திரௌபதியின் சபதத்தில் தேவி, பாவி, மேவி, சீவி என்று நாலு. தேவியின் ஆணையில் தொடங்கி, தலை சீவும் வீட்டுக் காரியத்தில் வந்து நிற்கிறது. இரண்டு பாவிகளின் ரத்தத்தையும் பூசிச் சீவுவேன் என்கிறாள். சாதாரணச் சொல்லில் வருவதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வரிமுடிவுச் சேர்க்கைக்கு ஒரு இடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உன் தாத்தா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். கோயில் கொடையில் முத்துப்பட்டன் கதை விடிய விடிய ஓடும். புலவர் ஒரு வரி பாடி முடித்ததும் பக்கப்பாட்டுக்காரர்கள் அதன் வாலைப் பிடித்துத் திரும்பப் பாடுவார்கள், தாத்தா "ஆமா" போடுவார். அங்கே வரி முடிவு தெரிந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் யாரும் நுழைய முடியாது. புலவர் மூச்சு வாங்கவும் அதுதான் நேரம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கி விழுந்து எழுந்தவனுக்கும் கதை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஆகவே பாப்பா உன்னோடு சேர்ந்து பாடப் போகிறாள் என்றால் உன் 'கொட்டியது, ஓடியது' அப்படியே இருக்கட்டும். படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கப் போகிறாள் என்றால் மாற்று.

வாய்ச்சவடால் விட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? நானும் எழுதிப் பார்த்தேன்:

வெள்ளம் புரண்டு வீதியெல் லாம்வர
வெள்ளா டொன்று விம்மிநின் றழுதிட
உள்ளம் பதைத்த ஒருகிழ வியவள்
பள்ளம் பாராது பாய்ந்து சென்றாள்

எதுகை உண்டு, மோனை உண்டு, நாலடியும் நிற்காமல் ஓடுகிறது. கதைதான் போய்விட்டது. நம்முடையது செம்மறி. வெள்ளம் என்று தொடங்கியதும் 'வெள்ளா' என்று வாயில் வந்து விழுந்துவிட்டது, ஒரு நொடியில் ஆடு ஜாதி மாறிவிட்டது. நம் தெருவில் பள்ளமே கிடையாது. ஆச்சிக்கு உள்ளம் பதைத்ததாக நான் பார்த்ததே இல்லை. அவள் ஆற்றையும் ஆட்டையும் சேர்த்து வைதுகொண்டே போயிருப்பாள். வெள்ளம், உள்ளம், பள்ளம், கள்ளம் எல்லாம் கவியரங்கத்துக்காரன் சட்டைப்பையில் சில்லறையாக வைத்திருக்கும் சொற்கள். கை விட்டால் வரும். உனக்கு விகுதி பிச்சை போட்டது என்று சொன்னேனே, எனக்கு அகராதி போட்டிருக்கிறது.

இரண்டையும் உங்கம்மாவிடம் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் அருவாமனையை விட்டுட்டியளே" என்றாள். கயிறு நனைந்து இறுகி முடிச்சு அவிழவில்லையாம். ஆச்சி அடுக்களைக்கு ஓடி அருவாமனையைத் தூக்கி வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிற்றை அறுத்தாளாம். உனக்கு இது தெரியுமா? எனக்குத் தெரியாது. நான் அப்போது பள்ளிக்கூடத்து மாடியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அருவாமனையில் தொடங்கலாம் என்று பார்க்கிறேன். 'ஒருகை' கிடைத்திருக்கிறது. ஒரு கையில் ஆட்டைப் பிடித்துத்தானே மறு கையால் அறுத்திருக்க வேண்டும்? இன்னும் இரண்டு வேண்டும். திருநவேலி ஒன்று இருக்கிறது, சேருமா தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அப்பா