ஞாயிறு காலை, பிள்ளைகளோடு மதகடிக்கு வாருங்கள்

வணக்கம். ஆடிப்பெருக்குக்கு முன்னால் வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு வாய்க்காலில் கிடக்கும் குப்பையை அள்ள மதகடியில் கூடுகிறோம், ஐந்து வயதுக் குழந்தையானாலும் சரி, கூட்டி வாருங்கள். மேட்டூர்த் தண்ணீர் கல்லணையில் பிரிந்து நம் ஊருக்கு வருகிறது, நாம் வீசுகிற பிளாஸ்டிக் பை அடுத்த ஊர்க்காரர் வயல் மடையைத்தான் போய் அடைக்கிறது என்பதை மதகில் நின்று காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். கண்ணாடிச் சில்லைப் பெரியவர்கள் மட்டும் எடுங்கள். ஆறுகளையும் ஏரிகளையும் காப்பது அரசமைப்பின் 51ஏ பிரிவில் 1976இல் சேர்த்த குடிமக்கள் கடமை, ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே குடிமராமத்து என்று வாய்க்காலைத் தூர்வார ஊரே மண்வெட்டியோடு இறங்கியிருக்கிறது, தாத்தாக்கள் வந்து அதைச் சொல்லுங்கள். அப்புறம், ஆகஸ்ட் 15 கிராமசபைக்கும் பிள்ளைகள் வரட்டும்.