உப்பு மலையடியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல், வெயிலில் இறங்க வேண்டாம் என்றும் சொல். பங்குனியில் பெய்த மழையில் உப்புப் பாத்தியெல்லாம் கரைந்து, முதல் வாரல் வீணாய்ப் போனதை எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் மகள், "அப்பா, வியன்னாவிலேயே அடைந்து கிடந்தால் எப்படி? ஏரிப் பக்கம் போவோம், கிளம்புங்கள்" என்று எங்கள் இரண்டு பேரையும் கிளப்பிவிட்டாள். போன இடமோ உப்பு ஊர். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அந்தச் சீமைக்குச் சால்ஸ்காமர்குட் என்று பெயர். சால்ஸ் என்றால் உப்பு. அரசருக்குச் சொந்தமான உப்புச் சீமை என்று பொருள். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே எழுபதுக்கும் மேற்பட்ட ஏரிகள். நாங்கள் போனது ஹால்ஸ்டாட் ஏரிக்கு. வியன்னாவிலிருந்து பெரிய ரயிலில் வந்து, அட்னாங் புக்ஹைமில் இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். அதற்குப் பிறகு ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. வழியில் பாட் இஷல் வருகிறது. பேரரசர் பிரான்ஸ் யோசப் கோடைக்கு வந்து தங்கும் ஊர். 1914 ஜூலை 28 அன்று செர்பியா மீது போர் அறிவித்துக் கையெழுத்துப் போட்டதும் அங்கேயிருந்த மாளிகையில்தான். நாங்கள் இறங்கவில்லை.

ஹால்ஸ்டாட் ஸ்டேஷனில் இறங்கினால் ஊர் இல்லை! ஸ்டேஷன் ஒரு கரையில், ஊர் எதிர்க்கரையில். ரயில் வரும் நேரம் பார்த்து ஒரு படகு காத்து நிற்கிறது. அதில் ஏறிப் பத்து நிமிடம். தண்ணீர் கரும்பச்சை. ஆழம் சில இடங்களில் 125 மீட்டர் என்கிறார்கள். எதிரே மலை செங்குத்தாக இறங்கி அப்படியே ஏரிக்குள் போகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த துளி இடத்தில் மர வீடுகளை ஒன்றின் தோளில் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மொத்த ஜனமே எழுநூற்றுச் சொச்சம்தான். பகலில் பஸ் பஸ்ஸாக வந்து குவியும் கூட்டத்தில் நிற்க இடமில்லை. நாங்கள் ஏரியின் தென்கோடியில் ஓபர்ட்ரவுன் என்ற கிராமத்தில் அறை எடுத்திருந்தோம். அதனால் காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகும் ஊரைப் பார்க்கக் கிடைத்தது. சுவரோடு சுவராகப் படரவிட்ட பேரிக்காய் மரங்கள், ஜன்னல் தொட்டியில் சிவப்புப் பூ, கோயில் மணி, தண்ணீரில் வாத்து நீந்தும் சத்தம். அவ்வளவுதான் ஊர். எனக்கு அந்த நேரத்து ஹால்ஸ்டாட்தான் பிடித்தது.

இனி உப்புக்கு வருகிறேன். ஊருக்கு மேலே சுமார் 350 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, அங்கேதான் சுரங்கம். கயிறு இழுக்கும் ரயிலில் ஏறிப் போகலாம். உள்ளே வருடம் முழுக்க 8 டிகிரி குளிர். உடுப்புக்கு மேலே ஒரு அங்கி கொடுக்கிறார்கள். ஒரு மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்குத் தொழிலாளர்கள் இறங்கிய மரச் சறுக்குகள் இருக்கின்றன, அதில் நீளமானது 64 மீட்டர். மனைவி பயப்படுவாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி கத்திக்கொண்டே இறங்கினாள்.

நம் உப்பு மாதிரி வெள்ளையாக இல்லை. களிமண்ணும் ஜிப்சமும் கலந்து, சுவரில் சிவப்பும் சாம்பலுமாகக் கோடு கோடாகப் போகிறது. விரலை வைத்துத் தேய்த்து நாக்கில் தொட்டுப் பார்த்தேன். முதலில் மண், பிறகு உப்பு. கடைசியில் லேசான கசப்பு. பாத்தியில் முதல் தடவை வாருகிற உப்பில் ஒரு கசப்பு இருக்கும் என்று நீ சொல்வாயே, அது ஞாபகம் வந்தது. இந்த உப்பை அப்படியே வெட்டி எடுத்துச் சாப்பிட முடியாது என்பதால், மலைக்குள் தண்ணீரை விட்டுக் கரைத்து, அந்த உப்புத் தண்ணீரைக் குழாயில் வெளியே கொண்டுபோகிறார்கள். நமக்கு வெயில் காய்ச்சிக் கொடுத்துவிடுகிறது. இவர்களுக்கோ அந்தக் காலத்தில் விறகு. காய்ச்சிக் காய்ச்சிப் பக்கத்துக் காடு தாங்காமல் போனதும், விறகு இருக்கிற எபன்ஸே என்ற ஊர் வரைக்கும் உப்புத் தண்ணீரைக் கொண்டுபோகக் குழாய் போட்டார்கள். 1595இல் தொடங்கி 1607இல் முடித்த வேலை. சுமார் 40 கிலோமீட்டர். இரும்பா, ஈயமா? ஒன்றுமில்லை, 13,000 மரங்களை நடுவில் துளைத்து ஒன்றோடொன்று செருகியிருக்கிறார்கள். அந்தக் குழாய் போன தடத்தில் இன்றைக்கும் நடக்கலாம். ஒரு மணி நேரம் நடந்தோம், ஏரி கீழே தெரிந்துகொண்டே வந்தது.

ஆனால் என்னை உலுக்கியது இதெல்லாம் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் மகள் வியன்னாவில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். ஹால்ஸ்டாட் சுரங்கத்தில் எடுத்ததெல்லாம் அங்கே இருக்கிறது. உப்பு எதையும் அழுகவிடாது என்று நமக்குத் தெரியும். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய துணிக் கிழிசல், கயிறு, வெளிச்சத்துக்குக் கொளுத்திய மரச் சிம்பு எல்லாம் நேற்றுப் போட்டுவிட்டுப் போனது போல் கிடக்கிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் வெட்டிய மரத்தில் செய்த படிக்கட்டு ஒன்றும் முழுசாகக் கிடைத்திருக்கிறது. மலை உள்ளுக்குள் அசைந்துகொண்டே இருக்கும் என்பதால், படிகளின் சாய்வை மாற்றி வைத்துக்கொள்கிற மாதிரி செய்திருக்கிறார்கள்.

அங்கே மாட்டுத்தோலில் தைத்த ஒரு சுமைப் பை பார்த்தேன். கொஞ்சம் பொறுமையாகக் கேள். ஒரே தோளில் மாட்டுகிற பட்டை. பையின் வாயோரம் ஒரு மரக் கம்பு. சுமப்பவர் அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கொட்டுகிற இடம் வந்ததும் கம்பை விட்டால் போதும், பை தானாகக் கவிழ்ந்துவிடும். தோளிலிருந்து இறக்கவே வேண்டாம். யாரோ ஒருவர் தினம் தினம் சுமந்து, இறக்கி ஏற்றி நொந்து, யோசித்துச் செய்த பை அது. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

சுரங்கத்துக்கு வெளியே இருந்த பழங்கால இடுகாட்டை ராம்சவர் என்ற சுரங்க அதிகாரி 1846 முதல் 1863 வரை தோண்டி, 980 புதைகுழிகளைக் கண்டுபிடித்தார். அங்கே கிடைத்த எலும்புகளைப் பின்னால் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆண்கள் உப்பை உடைத்திருக்கிறார்கள், பெண்கள் சுமந்திருக்கிறார்கள். தசை ஒட்டியிருந்த தடத்தை வைத்துச் சொல்கிறார்கள். பிள்ளைகளின் எலும்பிலும் மூட்டுத் தேய்மானம் இருக்கிறதாம். சிறுபிள்ளை அளவில் தோல் செருப்பும் குல்லாயும் சுரங்கத்துக்குள்ளே கிடைத்திருக்கின்றன. இதைக் கேட்டதும் நம் அம்மாதான் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். பத்து வயதில் உப்பளத்துக்குப் போனவர்கள் அல்லவா? சும்மாடு வைத்துப் பெட்டி பெட்டியாக அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மத்தியானம் காலில் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புதைகுழிகளில் வெண்கலம், பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த அம்பர் என்ற இறுகிய மரப்பிசின், ஆப்பிரிக்கத் தந்தத்தில் கைப்பிடி போட்ட வாள் எல்லாம் இருந்தன. உழைத்துத் தேய்ந்த உடம்புகளும் அதே இடுகாட்டில்தான், நகையும் நட்டுமாக. உப்பில் வந்த செல்வத்தில் உப்பெடுத்தவர்களுக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. நம் ஊரில் சுமந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வி அந்த ஏரிக்கரையில் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் கோஸாவ் ஏரிக்குப் போனோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி, எதிரே டாக்ஸ்டைன் பனிமலை. 2,995 மீட்டர். அதன் பனியாறு வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வருகிறதாம். சுற்றி நடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றைக்குப் பேச்சே இல்லாமல் நடந்தோம்.

கடைசி நாள் காலையில் கோயிலை ஒட்டிய எலும்பு மாடத்தைப் பார்த்தோம். ஊரில் புதைக்க இடம் பற்றாததால், முன்பெல்லாம் சில வருஷங்களில் எலும்பை எடுத்துவிட்டு அதே குழியில் அடுத்தவரைப் புதைப்பார்கள். எடுத்த மண்டையோட்டை வெளுக்க வைத்து, நெற்றியில் பூவும் இலையும் வரைந்து பெயர் எழுதி அடுக்கிவிடுவார்கள். 1,200க்கு மேல் இருக்கின்றன, பாதிக்கு மேல் வரைந்தவை. குடும்பம் குடும்பமாகப் பக்கத்தில் பக்கத்தில். பயமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. கடைசியாக வைத்தது 1995இல். 1983இல் இறந்த ஒரு அம்மாவுடையது. தங்கப் பல் ஒன்று இன்னும் மின்னுகிறது. அங்கேயே இருக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டாராம்.

சரி, நீளமாக எழுதிவிட்டேன். அம்மாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுது. பெட்டியை அம்பாரத்தில் கவிழ்க்கும்போது யாராவது கைகொடுப்பார்களா, இல்லை தனியாகவே தலையைச் சாய்த்துக் கொட்டிவிடுவார்களா? சின்ன வயதில் எத்தனையோ நாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், இப்போது அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. மாதா கோயில் திருவிழாவுக்குள் ஊர் வந்துவிடுவோம். அம்மாவுக்கென்று சுரங்கத்து உப்பு ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். அவர்கள் நாக்கில் வைத்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்