கறுப்பு மணலும் வெள்ளைப் பல்லும்

மணவாளக்குறிச்சி,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

உன் அம்மை ஒரு வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ சைக்கிளிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டதை என்னிடம் முதலில் சொன்னாய். நான் அவளிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அந்தக் கணக்கை நானே தீர்த்துக்கொள்கிறேன், நீ தலையிடாதே.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு பக்கம் மிக்சி, மறுபக்கம் கோயில் மைக். "எனக்குத்தான் மெட்டல் அலர்ஜி இருக்கே அப்பா, டைட்டானியம் வேண்டாம், செராமிக் இம்ப்ளாண்டே வைத்துவிடவா?" என்று கேட்டாய். அங்கே பெர்லினில் டாக்டர், தாடை எலும்பில் பதித்து மேலே செயற்கைப் பல் வைக்கிற இம்ப்ளாண்ட் என்று ஒரு வெள்ளைத் திருகாணியை உன் கையில் கொடுத்து, உலோகமே இல்லாதது என்று காட்டினார் என்றும் சொன்னாய். நானும் அதன்பிறகு தேடிப் படித்தேன், நாகர்கோவிலில் பல் டாக்டராக இருக்கிற என் சிநேகிதர் மகனைப் பிடித்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். பாவம், அவர் காபி ஆறிப்போனது.

முதலில் நான் ஒன்று கேட்கிறேன் மக்களே. உனக்கு அலர்ஜி எந்த மெட்டலுக்கு?

யோசித்துப் பார். ஏழு வயதில் மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழாவில் அடம்பிடித்து வாங்கிய கவரிங் கம்மல். நாலாம் நாள் இரண்டு காதிலும் நீர் வடிந்தது. பத்தாம் வகுப்பில் வாட்ச்சின் பின்மூடி பட்ட இடத்தில் வட்டமாகத் தடிப்பு. காலேஜில் ஜீன்ஸ் பித்தான் பட்டுத் தொப்புளுக்குக் கீழே சொறி. மூன்றும் ஒரே திருடனின் வேலை. அவன் பெயர் நிக்கல். கவரிங்கில் தங்க முலாமுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் பூச்சு இருக்கும். முலாம் தேய்ந்ததும் வியர்வை அதைக் கரைத்துத் தோலுக்குள் இறக்கும். தோல் ஒரு தடவை எதிரி என்று எழுதி வைத்துக்கொண்டால் லேசில் அழிக்காது. ஆனால் உன் 22 காரட் கம்மல் உன்னை ஒருநாளும் கடித்ததில்லை. அதில் தங்கத்தோடு சேர்ந்திருப்பது செம்பும் வெள்ளியும். ஆகவே "எனக்கு மெட்டல் ஆகாது" என்று நீ சொல்வது சரியில்லை. நிக்கல் ஆகாது. மற்ற உலோகங்களைப் பற்றி நமக்கு இன்னும் தெரியாது.

அம்மை பட்ட பாடு உனக்கு முழுசாகத் தெரியாது, நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்து, மேலே மெட்டல் செராமிக் கேப் போட்டார்கள். பார்க்க வெள்ளை. ஆனால் அந்த வெள்ளைக்கு அடியில் உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். நம் ஊர்ப்பக்கம் அது பெரும்பாலும் நிக்கல்-குரோமியம், விலை குறைவு என்பதால். இரண்டே மாதத்தில் கேப்பைச் சுற்றி ஈறு சிவந்து எரிச்சல், உள்ளங்கையில் அரிப்பு. போட்ட இடத்தில் கேட்டால் சரியாகப் பல் தேய்க்கவில்லை என்றார்கள். உன் அம்மையிடம்! ஒரு நாளைக்கு மூன்று வேளை தேய்க்கிறவளிடம்! கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு தோல் மருத்துவர்தான் முதுகில் ஒவ்வொரு பொருளாக ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் வைத்துப் பார்த்தார். நிக்கல் இருந்த இடம் மட்டும் கொப்பளித்தது. அந்த கேப்பைக் கழற்றி ஜிர்கோனியா என்கிற பீங்கானில், அதாவது செராமிக்கில், செய்த கேப் மாற்றினோம், கொஞ்ச நாளில் அடங்கியது. நீ இதைத்தான் பாதி கேட்டுவிட்டு, வாயில் எந்த மெட்டலும் ஆகாது என்று முடிவு கட்டியிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

இம்ப்ளாண்டில் நிக்கலைச் சேர்ப்பதில்லை. சுத்த டைட்டானியம், அல்லது கொஞ்சம் அலுமினியமும் வனேடியமும் கலந்தது. துணுக்களவு நிக்கல் தப்பித் தவறிச் சிலவற்றில் இருந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் டைட்டானியத்துக்கே அலர்ஜி என்பது அபூர்வம். ஸ்பெயினில் 1500 இம்ப்ளாண்ட் நோயாளிகளில் சந்தேகப்பட்டவர்களை மட்டும் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில் அப்படித் தேறியவர்கள் 9 பேர். அந்த 9 பேரில் நீ இருக்கமாட்டாய் என்று நான் சொல்லவில்லை. நிக்கல் ஆகாதவர்கள் எல்லோரும் அந்த 9 பேர் என்று நினைக்காதே என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். சிரிக்காதே. 31 வருஷம் மணல் பிரித்தவனுக்கு இந்த ஒரு விஷயத்திலாவது பேச உரிமை உண்டு. சின்னவிளைக் கரையில் அலை கொண்டுவந்து போடும் கறுப்பு மணலை நீயும் அள்ளி விளையாடியிருக்கிறாய். அதை மின்காந்த உருளைக்குக் கீழே ஓடவிட்டால் கறுப்பான இல்மனைட் பிடித்துக்கொண்டு தனியே வரும். உயர் மின்னழுத்தத்தில் விட்டால் மின்சாரம் பாய்கிற ரூட்டைல் ஒரு பக்கம் போகும், பாயாத ஜிர்கான் மறுபக்கம் விழும். இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத்தின் தாது. ஜிர்கானிலிருந்துதான் உன் டாக்டர் காட்டிய வெள்ளைத் திருகாணியின் ஜிர்கோனியா வருகிறது. அதாவது நீ இப்போது எதை எடுப்பது என்று திணறுகிற இரண்டும் ஒரே கரையில், ஒரே கூடையில் கிடந்தவை. நாங்கள்தான் அவற்றைப் பிரித்து வைத்தோம்.

இன்னொரு வேடிக்கை. இந்த இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ஒருவரே, அதுவும் உன் பெர்லினில் இருந்தவர். கிளாப்ரோத் என்று ஒரு மருந்துக்கடைக்காரர், பின்னால் பேராசிரியர் ஆனார். 1789இல் இலங்கையிலிருந்து போன ஒரு கல்லைச் சோதித்து ஜிர்கோனியம் என்ற தனிமம் உண்டு என்று சொன்னார். 1795இல் டைட்டானியத்துக்குப் பெயர் சூட்டினார், அதை அவருக்கு நாலு வருஷம் முன்னாலேயே இங்கிலாந்தில் கிரெகர் என்ற பாதிரியார் கண்டிருந்தாலும். நம் கரைக்கும் ஜெர்மன்காரர்தான் முதலில் வந்தார். 1909இல் ஷோம்பெர்க் என்பவர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்து, அதைத் தேடி இங்கே வந்து ஆலை போட்டார். நீ அங்கே போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதைப் படித்ததும் ஒரு சந்தேகம் வரும் உனக்கு. ஜிர்கோனியம் உலோகம்தானே, பிறகு எப்படி உலோகமில்லாத பல்? ஜிர்கோனியம் உலோகம், ஜிர்கோனியா அதன் ஆக்சைடு. இரும்பும் துருவும் போல. துருவைக் கொல்லன் பட்டறையில் அடித்து நீட்ட முடியாது, அது வேறு பொருள். அம்மையின் அமெரிக்கன் டைமண்ட் தோடும் இதே ஜிர்கோனியாதான், கண்ணாடி போலத் தெரிகிற படிக வடிவம். டைட்டானியத் திருகாணியும் காற்றுப் பட்டதுமே மேலே மிக மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. எலும்பு தொடுவது அந்தத் தோலைத்தான். அதே டைட்டானியம் ஆக்சைடுதான் பல பற்பசைகளுக்கு வெள்ளை நிறம் கொடுப்பது. ஒன்று மேலே மட்டும் ஆக்சைடு, இன்னொன்று உள்ளே வரைக்கும் ஆக்சைடு. இந்த அளவில் பார்த்தால் இரண்டுக்கும் இடையே கோட்டைச் சுவர் ஒன்றும் இல்லை.

வித்தியாசம் உடைவதில் இருக்கிறது. பீங்கான் வளையாது, உடையும். முன்காலத்தில் அலுமினா பீங்கானில் செய்த இம்ப்ளாண்ட்கள் அப்படித்தான் போயின. ஜிர்கோனியா அதைவிடக் கெட்டிக்காரப் பொருள். யிட்ரியம் ஆக்சைடு 100க்கு 3 மூலக்கூறு கணக்கில் சேர்த்து அதன் படிக அமைப்பைக் கட்டி வைத்திருப்பார்கள். எங்காவது விரிசல் கிளம்பினால் அதன் முனையில் இருக்கிற துகள்கள் கட்டவிழ்ந்து சுமார் 4 சதவீதம் பருத்து விரிசலின் வாயை இறுக்கிவிடும். 1975இல் ஆஸ்திரேலியாவில் மூன்று பேர் இதை எழுதினார்கள். அடிபட்ட இடத்தைத் தானே அணைத்துக்கொள்கிற பீங்கான். நான் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆனாலும் பீங்கான் பீங்கான்தான். ஒல்லியாகச் செய்தால் ஆபத்து. உடைந்தால் எலும்பைத் துளைத்துத்தான் மிச்சத்தை எடுக்க வேண்டும்.

இங்கேதான் உன் பல் இடிக்கிறது. உடைந்தது முன்பல்லுக்குப் பக்கத்துப் பல். வாயில் அதற்குக் கிடைக்கிற இடம் குறுகல், திருகாணி ஒல்லியாகத்தான் போகும். ஒல்லிக்கு டைட்டானியம் மேல். அதிலும் சுமார் 15 சதவீதம் ஜிர்கோனியம் கலந்த உலோகம் ஒன்றை இப்போது இதற்கென்றே செய்கிறார்கள். ஆனால் உன் ஈறு மெல்லியது, சிரித்தால் மேலே தெரியும். மெல்லிய ஈறுக்கு அடியில் டைட்டானியம் சாம்பல் நிறமாக நிழலடிக்கும், அதற்கு வெள்ளை செராமிக் மேல். அலர்ஜியைவிட இது நியாயமான காரணம் என்பேன். அப்புறம், நீ ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறதா? அதை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய். செராமிக்குக்கு அது ஆகவே ஆகாது.

டைட்டானியத்துக்கு வயது இருக்கிறது. 1952இல் சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முயல் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் குழாயைத் திரும்ப எடுக்கப் போய், அது எலும்போடு ஒட்டிக்கொண்டு வராமல் நின்றது. 1965இல் முதல் மனிதருக்கு வைத்தார். அறுபது வருஷப் பழக்கம். ஜிர்கோனியா இம்ப்ளாண்ட் பரவலாக வந்தது இந்த நூற்றாண்டில்தான். நன்றாக நிற்கிறது, அழுக்கும் கொஞ்சம் குறைவாகப் படிகிறது என்கிறார்கள், ஆனால் நீண்ட காலக் கணக்கு இன்னும் சேர வேண்டும்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். உன் மாதிரிப் பல்லுக்கு இம்ப்ளாண்டே வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது, அதை வளர்த்தவர்கள் உன் நாட்டுக்காரர்களே. ஜெர்மனியில் கீல் பல்கலைக்கழகத்தில் பல வருஷமாகச் செய்கிறார்கள். ஜிர்கோனியாவில் ஒரு பல், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய சிறகு. அந்தச் சிறகைப் பக்கத்துப் பல்லின் பின்புறம் பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். எலும்பில் துளை இல்லை, பக்கத்துப் பல்லை ராவுவதும் மிகக் கொஞ்சம்தான். உலோகமும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் நிற்கின்றன. கழன்றால்கூட மறுபடி ஒட்டலாம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கவ்வுகிற விதம் ஒத்துவர வேண்டும், எனாமல் நன்றாக இருக்க வேண்டும். உனக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் முதலில் இதைக் கேள். அவர் முகம் சுளித்தால் இன்னொருவரிடமும் கேள்.

ஒத்துவராவிட்டால் செராமிக் இம்ப்ளாண்டுக்குப் போ, நான் தடுக்கவில்லை. அப்போது ஒன்று கேட்டுக்கொள். திருகாணியும் மேலே பல்லைத் தாங்குகிற தண்டும் ஒரே துண்டா, இரண்டு துண்டா? இரண்டு என்றால் நடுவில் இணைக்கிற குட்டி ஸ்க்ரூ எதில் செய்தது? உலோகமில்லாதது என்று விற்கிறதில் சிலவற்றின் ஸ்க்ரூ டைட்டானியம். ஒரே துண்டு என்றால் எலும்பு பிடிக்கிற மூன்று முதல் ஆறு மாதம் தண்டு ஈறுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், அதில் கடிக்கக் கூடாது.

அம்மை உன்னை மூன்று வாரம் லீவு போட்டு வரச் சொல்கிறாள். நாகர்கோவிலில் செலவு குறைவு, பக்கத்தில் அவளும் இருப்பாள், மட்டிப்பழமும் கஞ்சியும் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்பது அவள் கணக்கு. எனக்கும் நீ வந்தால் கசக்குமா? ஆனால் மூன்று வாரத்தில் முடிகிற வேலையில்லை இது. எலும்பு பிடிக்கிற மாதங்களில் ஏதாவது என்றால் வைத்தவரிடம் ஓட வேண்டும், நீ பெர்லினில் இருப்பாய். பல்லை அங்கேயே பார்த்துக்கொள், லீவுக்குச் சும்மா வா. அவளிடம் இதை நான் சொல்லவில்லை, நீயே சொல். எனக்கு ஒரு சண்டை போதும்.

பல் வேலை எதற்கும் முன்னால் பேட்ச் டெஸ்ட். நிக்கல், கோபால்ட், குரோமியம், பல்லேடியம் நான்கையும் வைக்கச் சொல். டைட்டானியத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட டெஸ்ட் இன்னும் இல்லை. ரத்தத்தில் பார்க்கலாம் என்று பணம் கேட்டால் உடனே தலையாட்டாதே, அதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. முதுகில் ஸ்டீராய்டு க்ரீம் எதையும் தடவிவிட்டுப் போகாதே, முடிவு தப்பிவிடும். ஒட்டியதை இரண்டு நாள் கழித்து எடுப்பார்கள், மறுபடி ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பார்கள். நடுவில் முதுகில் தண்ணீர் படக் கூடாது.

இதை அம்மையிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் வாய் திறந்தாள். "அந்தக் குளிரில் அவள் குளித்தால்தானே" என்றாள்.

தேதி கிடைத்ததும் சொல்.

அப்பா